நான்கு உள்ளங்கை

சென்னையில் புது வண்டி எடுப்பவர்களில் பலர் ஷோரூமிலிருந்து நேராகப் போய் நிற்கும் இடம் பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகார்டு முனீஸ்வரர் கோயில். சந்தனம், குங்குமம், பானட்டில் மாலை, கற்பூரம் எல்லாம் முடிந்த பிறகு நான்கு சக்கரத்துக்கும் அடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். வண்டி நகரும், பழம் நசுங்கும், வீட்டுக்குப் புறப்படலாம். அதற்கப்புறம் சொந்தக்காரர் டயரைக் குனிந்து பார்ப்பது அடுத்த ஆயுத பூஜைக்குத்தான். நடுவில் பஞ்சரானால் பார்ப்பார். அதுகூட, பஞ்சர் போடுகிறவர் உட்கார்ந்து பார்ப்பதை இவர் நின்றபடி பார்ப்பதுதான்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காரின் அழகெல்லாம் நம் கண் மட்டத்தில் இருக்கிறது. கதவில் நகத்தளவு கீறல் விழுந்தால் பத்தடி தள்ளி நின்றே தெரிந்துவிடும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. டயரில் எட்டு, பத்து பி.எஸ்.ஐ. காற்று இறங்கியிருந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. இப்போதைய ரேடியல் டயர்கள் சரியான காற்றிலேயே அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். அதனால் குறைந்த காற்றும் நிறைந்த காற்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, உள்ளே நாம், குடும்பம், பெட்டி படுக்கை. இத்தனையும் தரையைத் தொடுவது ஒரு டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு இடத்தில். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் மழையில் வழுக்காமல் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகள் செய்யும் வேலைதான்.

எங்கள் அடுக்ககத்துக்கு விடியற்காலையில் வண்டி துடைக்க ஒரு பெரியவர் வருகிறார். இளமையில் நாமக்கல் லாரிகளில் கிளீனராக இருந்தவர். அவருடைய வாளியைப் பற்றி எனக்குப் புகார் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரும் விதம் வேறு. துணியை எடுப்பதற்கு முன் டயரின் பக்கவாட்டில் முட்டியால் இரண்டு தட்டு. ஒருநாள் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“சார், பின்னாடி லெஃப்டுல காத்து கம்மியா இருக்கு. பாத்துக்கங்க.”

“நல்லாத்தானே இருக்குண்ணே?”

“பாக்க நல்லாத்தான் இருக்கும். தட்டிப் பாருங்க.”

கேஜ் வைத்துப் பார்த்தால் 26. இருக்க வேண்டியது 33. ஆணி ஒன்று ஏறி, மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

இது அவர் லாரியில் கற்றது. லாரியின் பின்பக்கம் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு டயர் ஜோடியாக இருக்கும். உள்டயரில் காற்று போய்விட்டாலும் வெளிடயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். கண்ணை நம்ப முடியாது. அதனால் டீ குடிக்க நிறுத்தும் இடத்திலெல்லாம் கிளீனர் இறங்கி, கையில் இரும்புக் கம்பியோடு ஒரு சுற்று வந்து ஒவ்வொரு டயரையும் தட்டுவார். காற்று நிறைந்த டயர் ‘டங்’ என்று கம்பியைத் திருப்பி எறியும். குறைந்தது ‘தொப்’ என்று வாங்கிக்கொள்ளும். டிரைவர் டீயை முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். இப்போது பல லாரிகளில் டிரைவர் மட்டும் தனியாகப் போகிறார். அந்தக் கம்பி யார் கையில் இருக்கிறது என்று சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது எனக்குத் தோன்றுவதுண்டு.

காற்று விஷயத்தில் நம் ஊரில் வேரோடிப்போன ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெயில் காலத்தில் டயர் வெடிக்கும், ஆகவே காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும் என்பது. படித்தவர்களே சொல்வார்கள். உண்மை நேர் எதிர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிர்வதுதான் சூட்டைக் கிளப்புவது. வேகமும் பாரமும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் ரப்பரும் கம்பிப் பின்னலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இது பெரிய விவகாரமாக வெடித்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் போட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் நெடுஞ்சாலை வேகத்தில் மேல்பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டு, 270-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்துகள் அதிகம் நடந்தது டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில். டயரில் தயாரிப்புக் குறை என்று கார்க்காரர்களும், வண்டியின் அமைப்பில் கோளாறு என்று டயர்க்காரர்களும் மாறி மாறிச் சொன்னார்கள். அந்தச் சண்டையில் அடிபட்ட ஓர் எண் இருக்கிறது. கார் நிறுவனம் அந்த வண்டிக்குச் சொன்ன காற்று 26 பி.எஸ்.ஐ.; டயர் நிறுவனம் சொன்னது 30. நடுவில் இருப்பது வெறும் நான்கு. பங்கில் காற்றடிக்கும் பையனிடம் “பரவாயில்லப்பா, போதும்” என்று நாம் விட்டுவிடும் நான்கு.

அந்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2007 செப்டம்பருக்குப் பிறகு வந்த புதுக் கார்கள் எல்லாவற்றிலும் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. நம் ஊரிலும் இப்போது நிறைய வண்டிகளில் அது வருகிறது. ஆனால் அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது காற்று கால் பங்கு குறைந்த பிறகுதான். 33 இருக்க வேண்டிய டயரில் 25-க்கு இறங்கும்வரை அது வாயைத் திறக்காமல் இருக்கலாம். பெரியவரின் முட்டி அதற்கு முன்னாலேயே பேசிவிட்டது.

எவ்வளவு காற்று என்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆள் நிறைந்து பெட்டிகளோடு போனால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடித்தால் வண்டி குதிக்கும், டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். பார்ப்பது காலையில், வண்டி ஓடுவதற்கு முன். ஓடினால் டயர் சூடாகி மூன்று நான்கு பி.எஸ்.ஐ. ஏறிவிடும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடுவது இன்னொரு வழக்கம். ஆறினால் அது தானே இறங்கும் என்பதை மறந்துவிடுகிறோம். அடித்து முடித்ததும் பங்க் பையன் விரலில் எச்சில் தொட்டு வால்வில் வைத்துப் பார்ப்பான். குமிழி வந்தால் கசிவு. அருவருப்பாக இருந்தாலும் நம்பகமான சோதனை. நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். விமானத்துக்கு அது தேவை. தாம்பரம் போய்வருகிற காருக்கு மாதம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்த்தால் போதும், ஸ்டெப்னியையும் சேர்த்து.

இப்போது வாளி. பெரியவரின் கையில் இருப்பது ஒரே வாளி, ஒரே துணி. முதல் வண்டிக்கு நல்ல தண்ணீர். வரிசையில் கடைசியாக நிற்கும் வண்டிக்கு மற்ற எல்லா வண்டிகளின் மண்ணும் கலந்த தண்ணீர். அதைவிட, சக்கரத்தைத் துடைத்த துணி கதவுக்கு ஏறுவதுதான் கொடுமை. சக்கரத்தில் படியும் கறுப்புத் தூள் வெறும் புழுதி இல்லை. பிரேக் பேடும் டிஸ்கும் தேய்ந்து விழும் இரும்புத் துகள் அதில் இருக்கிறது. அந்தத் துணி பட்ட இடமெல்லாம் பெயிண்ட்டில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், வெயிலில் நிறுத்தினால் பளிச்சென்று தெரியும். சக்கரத்துக்கென்று ஒரு பழைய துணியும் சின்ன வாளியும் தனியாக வாங்கிக் கொடுத்தேன். “அதுவும் சரிதான் சார்” என்று வாங்கிக்கொண்டார். என் வண்டிக்கு மட்டும் அதைக் கடைப்பிடிக்கிறார். மற்றவர்கள் கேட்கவில்லையாம்.

காய்ந்த புழுதியின்மேல் காய்ந்த துணி ஓட்டுவதைவிடச் சும்மா விடுவது மேல். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைக்க வேண்டும். காக்கை எச்சத்தையும் தூங்குமூஞ்சி மரத்துப் பிசினையும் ஈரத் துணி போட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். வெயிலில் கழுவினால் சோப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் போர்த்தண்ணீரில் இருக்கும் உப்பு வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். நிழலில், மாலையில், கடைசியில் துவட்டிவிடுவது நல்லது. தெருநாய்கள் வெகு பக்தியோடு சக்கரத்துக்குச் செய்யும் அபிஷேகத்தை மட்டும் அன்றன்றே கழுவிவிடவேண்டும், அலாய் சக்கரமாக இருந்தால் கறை ஏறிவிடும். இதற்கெல்லாம் குழாயைத் திறந்துவிட்டு நிற்க வேண்டியதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த ஊர் இது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தார்கள். இரண்டு வாளித் தண்ணீரில் ஒரு கார் தாராளமாகச் சுத்தமாகும்.

வாட்டர் வாஷ் கடையில் விட்டால் வேறு கவனங்கள். நீண்ட தூரம் ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தில் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது. பிரேக் டிஸ்க் வளைந்துபோக வாய்ப்புண்டு. அப்புறம் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கும். பிரஷர் துப்பாக்கியை டயரை ஒட்டிப் பிடிக்க விடாதீர்கள், ரப்பருக்குக் கேடு. பானட்டைத் திறந்து எஞ்சினுக்குள் அடிக்கவே விடாதீர்கள், ஃபியூஸ் பெட்டியும் வயர் இணைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. டயரை டீசலால் துடைத்துக் கறுப்பாக்குகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும். பாலிஷ் வேண்டுமானால் பக்கவாட்டில் மட்டும், தரை தொடும் பகுதியில் ஒரு சொட்டும் கூடாது. கழுவி எடுத்த வண்டியில் பிரேக் ஈரமாக இருக்கும், முதல் தெருவில் மெதுவாகப் போய் லேசாக இரண்டு மூன்று முறை மிதித்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.

கழுவுகிற அன்றைக்கே இன்னொரு வேலையும் முடிந்துவிடும். மண் போன டயரில் எல்லாம் தெரியும்: பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு, குழியில் இறங்கியதால் எழுந்த புடைப்பு, உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு. பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் மிச்சம் இருப்பது 1.6 மில்லிமீட்டர், டயரின் காலம் முடிந்தது. பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அதிகம் ஓடாத வண்டி, டயர் புதுசாட்டம் இருக்கிறது என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. ரப்பர் சும்மா நின்றாலும் கிழடாகும். ஐந்து ஆண்டு தாண்டினால் வருடா வருடம் காட்டிப் பார்க்க வேண்டும், பத்து ஆண்டானால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்ற வேண்டும் என்பது டயர் செய்கிறவர்களே சொல்வது.

போன வருடம் என் வண்டிக்கு இரண்டு டயர் மட்டும் மாற்ற வேண்டி வந்தது. கடைக்காரர் புது டயரை முன்பக்கம் உருட்டிக்கொண்டு போனார். பின்னால் போடுங்கள் என்றேன். இழுக்கிற சக்கரம் முன்னால், ஸ்டியரிங் முன்னால், பாதிப் பிரேக்குக்கு மேல் முன்னால்தான் வேலை செய்கிறது, நல்ல டயரைப் பின்னால் போட்டால் வீண்தானே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும். நம்மில் எத்தனை பேருக்கு அதைத் திருப்பத் தெரியும்? இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டாக்சி டிரைவரும் கடைக்காரர் பக்கமே சேர்ந்துகொண்டார். கடைசியில் டயரைப் பின்னால் உருட்டியபடி கடைக்காரர் பையனிடம் சொன்னார்: “சார் சொன்ன மாதிரியே போட்டுருடா. பில்லுல எழுதிரு, கஸ்டமர் கேட்டுக்கிட்டதுன்னு.”