கடலுக்கு அடியில் ஒரு கூரை

சிங்கப்பூரில் வேலை செய்த காலத்தில், விடுமுறைக்கு பினாங்கு வரும் என் மச்சானிடம் "எங்கே வேலை?" என்று யாராவது கேட்டால் தரையைக் காட்டுவார். ஜூரோங் தீவின் பன்யான் கடற்பகுதிக்கு அடியில், 130 மீட்டர் ஆழத்தில், எண்ணெய் சேமிக்கப் பாறையைக் குடைந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் குகைகளை 2014 செப்டம்பரில் பிரதமர் லீ சியன் லூங் திறந்து வைத்தார். மொத்தம் ஐந்து, ஒவ்வொன்றும் ஒன்பது மாடி உயரம்.

ஆயர் ஈத்தாமில் இருந்த அக்காளுக்குத் தூக்கம் ஏது? "மேலே அத்தனை கடல். எது தாங்குது?" என்று போனில் கேட்பார்.

"பாறைதான் தன்னைத் தானே தாங்குது. கனத்துக்கு நான் பயப்படல, விரிசலுக்குத்தான்" என்பார் மச்சான்.

விஷயம் அதுதான். இரண்டு மூன்று விரிசல்கள் கூரையில் ஒன்றையொன்று வெட்டினால், நடுவில் ஆப்பு வடிவில் ஒரு கல் பிடிமானமின்றி நிற்கும். அதனால் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் முதலில் தொங்கும் கற்களைத் தட்டி விழவைப்பார்கள். பிறகு நிலவியலாளர் வந்து விரிசல் எந்தப் பக்கம் சாய்கிறது, உள்ளே களிமண் உண்டா, நீர் கசிகிறதா என்று பார்த்துக் குறிப்பார். நீண்ட இரும்புக் கம்பிகளை உள்ளே செலுத்திக் கல்லோடு கல்லைத் தைத்து, மேலே கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். அங்கே மணற்கல்லும் சேற்றுக்கல்லும் அடுக்கடுக்காக வருமாம். நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. இந்தக் காத்திருப்பை நட்டக் கணக்கில் எழுதும் நாளில்தான் கூரை விழும் என்பது என் எண்ணம்.

தண்ணீர் விவகாரம் இன்னும் வேடிக்கை. குடையும்போது கசிவை அடைக்கச் சிமெண்டுக் குழம்பை ஏற்றுகிறார்கள். அதே சமயம் குகைக்கு மேலே துளையிட்டு, வேண்டுமென்றே நீரைச் செலுத்துகிறார்கள். அந்த நீரின் அழுத்தம்தான் எண்ணெயும் ஆவியும் பாறை இடுக்குகளில் தப்பாமல் காக்கிறது.

நம் பினாங்கு மலை கருங்கல். ஆழத்தில் உறுதியானது, மேற்பரப்பிலோ வெயிலும் மழையும் தின்று மண்ணாகிக் கிடக்கிறது. 2018 அக்டோபர் 19-ஆம் தேதி புக்கிட் குக்குஸில் சாலை அமைத்த இடத்தில் மண் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் மாண்டார்கள். எல்லாரும் பிழைக்க வந்த வெளிநாட்டினர்.

அப்போது மச்சான் ஊரோடு வந்துவிட்டிருந்தார். நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "அங்கே நானும் வெளிநாட்டுக்காரன்தானே" என்றார். அக்காள் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.