வளைவைத் தூக்கினால் போதுமா?

இன்சோல் செய்யும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் பாத வலிக்காரர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். பலர் பையில் ஒரு ஜோடி இன்சோல் இருக்கும். ஸ்கேனர் மேல் ஏறி நின்றார்களாம், திரையில் சிவப்பும் நீலமுமாகப் பாதம் தெரிந்ததாம். காலை யாரும் தொடவில்லை. அத்தனை இன்சோலிலும் உள்வளைவில் ஒரே மேடு.

இன்சோல் செய்வதற்கு, பாத மருத்துவர் மெர்ட்டன் ரூட், கணுக்காலுக்கு அடியில் உள்ள சப்டேலார் மூட்டின் நடுநிலையை (பாதம் உள்ளேயும் வெளியேயும் சாயாத நிலையை) அளவுகோலாக்கினார். ஓரியன், வீட் இருவரோடு சேர்ந்து அவர் 1977இல் வெளியிட்ட நூல்தான் எங்கள் தலைமுறைக்கு வேதம். ஆனால் ஒரே காலை இரண்டு பேர் அளந்தால் நடுநிலை இரண்டாகிவிடும். இன்னொரு பாத மருத்துவர் கெவின் கெர்பி வேறு கேள்வி கேட்டார்: அந்த மூட்டின் அச்சு உள்ளங்காலில் எங்கே ஓடுகிறது? பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து அது சராசரி 23 பாகை உள்நோக்கி விலகும் என்பது பாடம். ஆய்வாளர்கள் இஸ்மனும் இன்மனும் 1969இல் காட்டிய வீச்சோ 4 முதல் 47 வரை. சராசரியை நம்பி யாருக்கு இன்சோல் செய்வது?

அச்சைக் கைக் கட்டைவிரலால்தான் தேட வேண்டும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கையால் நான்காம், ஐந்தாம் கால்விரல்களின் அடிமூட்டைத் தாங்கிக்கொண்டு, மறு கட்டைவிரலால் குதிகாலிலிருந்து அழுத்தி வருவேன். அச்சுக்கு வெளியே அழுத்தினால் பாதம் உள்ளே சாயும். உள்ளே அழுத்தினால் வெளியே திரும்பும். அசையாத இடத்தில் பேனாவால் புள்ளி. சாதாரணக் காலில் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு குதிகாலின் வெளிப்பக்கத்திலிருந்து முதல், இரண்டாம் விரல்களுக்கு இடையே போகும். மோசமான தட்டைப் பாதத்தில் அது உள்விளிம்பையே தாண்டிவிடும். வளைவின் பெரும்பகுதி அப்போது அச்சுக்கு வெளியே கிடக்கிறது. அங்கே மேடு வைத்தால் சாய்வு குறையாது, சில கால்களில் கூடும், வலிதான் மிச்சம். பிடி கிடைக்கும் இடம் குதிகாலின் உள்பக்கம். காலின் பிளாஸ்டர் வார்ப்பின் அடியில் அங்கே 15 பாகைச் சாய்வில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை சீவி, அதன்மேல் பாலிப்ரோப்பிலீனை இழுத்துப் படியவைக்க வேண்டும். கெர்பி இதை 1992இல் எழுதிவிட்டார்.

ஆய்வாளர்கள் மெக்பாயிலும் ஹன்ட்டும் 1995இல் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: எந்தத் திசு தாங்கமுடியாமல் தவிக்கிறதோ அதன் சுமையைக் குறை, கோணத்தைத் துரத்தாதே. வலிக்கிற தசைநாரின் பெயரைக் கேட்டால் இன்றைய பையன்கள் திரையைக் காட்டுகிறார்கள். ஸ்கேனர்மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் அது நிற்கிற காலின் அழுத்தத்தைத்தான் காட்டும், அச்சைக் காட்டாது. கட்டைவிரல் பழகப் பல வருடம் ஆகும். அதைச் சொல்லிக்கொடுக்க நான் கூப்பிட்டால், சாப்ட்வேர் பயிற்சி இருக்கிறது என்று போய்விடுகிறார்கள்.