தன் ஆத்துமாவோடு பேசுதல்

சங்கீதம் 42, 43 ஆகிய இரண்டும், பல எபிரெயக் கையெழுத்துப் பிரதிகளில் ஒரே பாடலாக இருப்பவை, புலம்பற்பாடல் என்ற வகையைச் சேர்ந்தவை. துயரை மூடி மறைக்காமல் இறைவனிடமே முறையிடும் பாடல் என்பது இதன் பொருள். கண்ணீரே இரவும் பகலும் உணவாகிப்போன ஒருவன், கடவுள் எங்கே போனார் என்று பிறர் ஏளனம் செய்யும் வேளையில், தன் ஆத்துமாவையே எதிரில் நிறுத்தி, ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று கேட்கிறான். மருத்துவராயிருந்து போதகரான மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ், மனச்சோர்வைப் பற்றி 1965இல் வெளிவந்த தம் நூலில், மனம் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருப்பது வேறு, மனத்தோடு எதிர்நின்று பேசுவது வேறு என்று இதைக்கொண்டே பிரித்துக் காட்டினார். இதனை வெறும் நேர்மறைச் சிந்தனை என்று சுருக்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அக்கேள்வி மூன்று முறை வருகிறது, முதல் முறை கேட்டும் கலக்கம் அடங்கவில்லை.