விளக்கைக் குறைச்சி வை

மலாக்கா பட்டணத்துக்கு இரயிலில் போக முடியாது. புலாவ் செபாங்கில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஆனால் 1905 முதல் போர்க்காலம் வரை அங்கிருந்து மலாக்கா வரைக்கும் ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டு போனார்கள். பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்தும் இது எனக்குத் தெரியாது. அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தாத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. போன விடுமுறையில் அதைப் பலகையொன்றில் கட்டத் தொடங்கினேன். மாதிரி இரயில் என்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைப்பீர்கள். இரயிலுக்குத்தான் காசு, மற்றதெல்லாம் குப்பைதான்.

பழைய ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தது. நம் நாட்டுப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். ஆகவே என் தோட்டம் 111 மடங்கு சிறியது. இந்தக் கணக்கைப் போடாமல் முதலில் ஆறு சென்டிமீட்டரில் பால் மரங்கள் செய்துவிட்டேன். "இது என்னா, கத்தரிச் செடியா?" என்றார் தாத்தா. பதினைந்து மீட்டர் மரம் பதின்மூன்றரை சென்டிமீட்டர் வர வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கினேன். பழைய மின்கம்பியின் செப்பு இழைகளை முறுக்கித் தண்டு; பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அரைத்துச் சாயம் தோய்த்து இலை. (அம்மாவின் அரைக்கும் இயந்திரம் போனது தனிக் கதை.) பால் மரங்களை நேர்நேராக வரிசை பிடித்து நட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் காடாகிவிடும்.

லயத்தை அட்டையில் கட்டி, வீட்டுக்கு ஒரு எல்இடி வைத்தேன். பன்னிரண்டு வோல்ட்டுக்கு 470 ஓம் மின்தடை. சுவிட்சைப் போட்டதும் சுவரெல்லாம் ஒளிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தாத்தா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தம்பி, இது லயமா, தைப்பூசமா? மண்ணெண்ணெ வெளக்குடா. கொறச்சி வை."

பத்தாயிரம் ஓம் மின்தடைக்கு மாற்றினேன். சுவரின் உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டினேன். எல்இடி முனையில் ஆரஞ்சு வண்ணம் தடவினேன். வெளிச்சம் வாசற்படியோடு நின்றது. "இன்னும் கொற. ஜப்பான்காரன் காலத்துல எண்ணெ ஏது?"

அப்போதுதான் கேட்டார்: "இது எந்த வருஷம்?"

நான் யோசித்ததே இல்லை. 1943-இல் தாத்தாவுக்கு மூன்று வயது. அவருடைய அப்பாவைச் சயாமுக்குக் கொண்டு போனது அந்த ஆண்டுதான். 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் மாண்டார்கள். அவரும் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா முகம் தாத்தாவுக்கு ஞாபகமில்லை; படமும் கிடையாது. எங்கள் தோட்டத்தைத் தாண்டிப் போன தண்டவாளமும் அதே பாதைக்குத்தான் போயிற்று. இத்தனை வருடத்தில் இதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

வரலாற்றுப்படி தண்டவாளத்தை எடுத்துவிட்டு வெறும் மண்மேட்டை விடலாமா என்று கேட்டேன். அது சரியாகவும் இருக்கும் என்று அசட்டுத்தனமாக விளக்கவும் செய்தேன். தாத்தா நெடுநேரம் பேசவில்லை.

"இருக்கட்டும்பா. தண்டவாளம் இருந்தா அப்பாவும் இருக்காருல்ல."

மறுநாள் செப்புக்கம்பியில் ஓர் ஆளைச் செய்தேன். உயரம் ஒன்றரை சென்டிமீட்டர். தலையில் துண்டு, கையில் பால் வாளி. முகம் வைக்கவில்லை, அந்த அளவில் வைக்கவும் முடியாது. பசை போட்டு ஒட்டப் போனபோது தாத்தா தடுத்தார். கொஞ்சம் மெழுகு உருட்டி, தன் கையாலேயே நிற்க வைத்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். ஒருமுறை பெரட்டுக் களத்தில் இருந்தார். ஒருமுறை மரத்தடியில். போன வாரம் லயத்தின் கடைசி வீட்டு வாசலில், விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கம்பியை மடக்கி உட்கார வைத்தது தாத்தாதான்.