ஐந்து விரல் தள்ளுபடி

அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'ஃபைவ் ஃபிங்கர் டிஸ்கவுண்ட்' என்று ஒரு தொடர் உண்டு. கடையில் காசு கொடுக்காமல் எதையாவது சுருட்டிக்கொண்டு வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். "இது எவ்வளவு?" என்று தோழி கேட்டால், சிரித்துக்கொண்டே சொல்லும் பதில் இது. நீதிமன்றத்தில் இதே காரியத்துக்குப் பெயர் 'ஷாப்லிஃப்டிங்'. வசதியான வீட்டுப் பிள்ளை எடுத்தால் குறும்பு, இல்லாதவர் எடுத்தால் குற்றம் என்ற பாகுபாட்டுக்கு இந்தத் தொடர் துணைபோவதாகவே எனக்குப் படுகிறது.

இங்கிலாந்தின் 1699-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடையிலிருந்து 5 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளை யாரும் அறியாமல் எடுத்தாலே தூக்கு. கொஞ்சம் துணி போதும், உயிர் போக! ஜூரிகளுக்கே மனசு கேட்கவில்லை. பொருளின் மதிப்பு 4 ஷில்லிங் 10 பென்ஸ்தான் என்று வேண்டுமென்றே குறைத்துச் சொல்லிப் பலரைத் தூக்கிலிருந்து காப்பாற்றினார்கள். சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இதைப் புண்ணியப் பொய்ச்சாட்சியம் என்றார். நான் மனதார மதிக்கும் தள்ளுபடி அதுதான். அப்படித் தப்பியவர்களிலும் பலரைக் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள்.

1810-இல் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ரோமிலி இந்தத் தூக்குத் தண்டனையை நீக்க மசோதா கொண்டுவந்தார். காமன்ஸ் சபை நிறைவேற்றியதைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஏழு பேர் பிஷப்புகள்! அதை இன்றும் என்னால் ஆத்திரமில்லாமல் படிக்க முடியவில்லை. ரோமிலி 1818-இல் இறந்தார். அந்தத் தண்டனை ஒழிந்தது 1820-களில்.