மூன்றாவது கட்டம்

ஆம்பூருக்கு வந்து பிரியாணி வேண்டாம் என்கிறவனுக்கு ஒன்று ஜுரம் இருக்க வேண்டும். அல்லது மனத்தில் ஏதாவது பாரம் இருக்க வேண்டும். பொங்கலுக்கு வந்திருந்த என் தமக்கை மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை.

அவன் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் பாமரன். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பு நின்று போய், கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே, அவன் சொன்னதில் எனக்கு விளங்கிய அளவுக்குத்தான் உங்களுக்கும் சொல்ல முடியும்.

எங்கள் வட்டாரத்து ஷூ கம்பெனி ஒன்றுக்கு அவனுடைய கம்பெனி புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறது. எவ்வளவு தோல் வந்தது, எத்தனை ஜோடி வெட்டினார்கள், யார் எத்தனை தைத்தார்கள் என்று கணக்கு வைக்கிற புரோகிராம். ஷூவின் மேல்பாகத்தை 'அப்பர்' என்பார்கள். அதைத் தைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். திரையில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டே கட்டங்கள்: 'முடிந்தது', 'முடியவில்லை'. தைக்கும்போது தோலில் உண்ணி கடித்த தழும்போ, முள் கீறிய வடுவோ தென்பட்டால், அந்த ஜோடியை ஒதுக்கி வைத்துவிட்டு மாற்றுத் துண்டுக்குக் காத்திருக்க வேண்டும். புரோகிராமுக்கு இது தெரியாது. அவ்வளவும் 'முடியவில்லை' என்று தைத்தவள் பேரில் ஏறிவிட்டது. மாதக் கடைசியில் எட்டுப் பெண்களுக்கு ஊக்கத் தொகை போயிற்று.

மருமான் நேரில் போய் விசாரித்தபோது, அந்த வரிசையின் சூப்பர்வைசர் அம்மாள் ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினாளாம். எந்தப் பெண்ணிடம் எந்த ஜோடி எதனால் நின்றது என்று தேதிவாரியாக எழுதி வைத்திருந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருப்பேனே தம்பி. என்னை யாரும் கேக்கலையே" என்றாளாம்.

"அந்த ரெண்டு கட்டத்தையும் போட்டவன் நான்தான் மாமா" என்றான் மருமான். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசனை.

"வீடு கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது, கல்யாணம் நடத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. இதற்கு ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டேன்.

ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதாம். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் படிப்படியாக இறங்கும் ஒரு படம். தேவை என்னவென்று எழுது, திட்டம் போடு, புரோகிராம் எழுது, சோதித்துப் பார், கையில் கொடு. இதற்குப் பின்னால் வந்தவர்கள் 'நீர்வீழ்ச்சி முறை' என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரே இறக்கமாக இறங்குவது ஆபத்து என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தைப் புரட்டவில்லை!

அப்புறம் 2001 பிப்ரவரியில், யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் என்ற மலைவாசஸ்தலத்தில் பதினேழு பேர் கூடி 'அஜைல்' என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முழுத் திட்டத்தையும் முதலிலேயே முடிந்த முடிவாக்கிக் கொள்ளாதே; கொஞ்சம் செய், உபயோகிக்கிறவரிடம் காட்டு, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்து, மேலே போ. சாரம் இவ்வளவுதான். எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. வாராவாரம் தொடர்கதை எழுதி, வாசகர் கடிதத்துக்குப் பயந்து கதாநாயகியைப் பிழைக்க வைத்தவன் நான்.

"உங்கள் கம்பெனி நீர்வீழ்ச்சியா?" என்றேன்.

"இல்லை மாமா, அஜைல்தான். தினம் காலையில் நின்றுகொண்டே கால் மணி நேரம் பேசுவோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்ததைக் காட்டுவோம்."

"யாரிடம்?"

அவன் சற்று நேரம் பேசவில்லை. "ஷூ கம்பெனி மானேஜரிடம். வீடியோவில்" என்றான்.

இப்போது அவனுடைய மேலதிகாரி, இன்னும் நாலு பேரைச் சேர்த்து ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்கிறாராம். அதற்கும் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஐ.பி.எம். கம்பெனியில் பிரம்மாண்டமான ஒரு புரோகிராம் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார்: பிந்திப் போன வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும். புதியவனுக்குச் சொல்லிக் கொடுக்கப் பழையவன் தன் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டுமல்லவா?

மறுநாள் அவனைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியவரிடம் அழைத்துப் போனேன். தோல் பதனிடும் இடத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். ஆவாரம் பட்டைக் காலத்தையும் குரோம் காலத்தையும் பார்த்தவர்.

"தோல் வேலைக்கு வரிசை உண்டு தம்பி. ஊறப் போடணும், சுண்ணாம்புல போடணும், மயிர் எடுக்கணும், சதை சீவணும், சுண்ணாம்பைப் போக்கணும், அப்புறம்தான் பட்டைத் தண்ணி. மாத்திப் போட்டா தோல் போச்சு. சுண்ணாம்புல வெந்த தோலைத் திருப்பி மாட்டு மேலே போத்த முடியுமா?"

"அப்போ, முதல்லே போட்ட திட்டப்படிதான் போகணும்கிறீங்களா தாத்தா?"

"வரிசை அப்படியேதான். ஆனா எத்தினி நாளுன்னு முதல்லே சொல்ல முடியாது. வெயில் ஒரு மாதிரி, மழை ஒரு மாதிரி. தினம் காலையிலே குழியிலேருந்து ஒரு தோலை இழுத்துக் கட்டை விரலாலே தள்ளிப் பார்ப்பேன். மயிர் வழுக்கிக்கிட்டு வந்தா சரி. இல்லேன்னா மறுபடியும் உள்ளே. தோலைக் கேக்காம நான் எதுவும் செஞ்சதில்லே."

மருமான் முகம் தெளிந்தது. ஆனால் பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. பாலாறு இருக்கும் திசையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "தினம் தோலைப் பார்த்தேன். தண்ணி எங்கே போவுதுன்னு ஒரு நாளும் போய்ப் பார்க்கலே."

அந்தக் கணக்கு பிற்பாடு கோர்ட்டுக்குப் போயிற்று. ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்றும் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு சொல்லுகிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும் என்றது கோர்ட். 2025 ஜனவரியிலும் அந்த ஈட்டைப் பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. முறையாகத்தான் வேலை நடந்தது, வரிசை தப்பவில்லை, தோலைக் கேட்டார்கள், கப்பலேற்றி வாங்கியவனைக் கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவனை யாரும் கேட்கவில்லை.

எந்த முறை நல்லது என்று தர்க்கம் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்விதான் உண்டு. உங்கள் முறையில் யாரைக் கேட்கிறீர்கள்? பணம் கொடுப்பவனைக் கேட்பது சுலபம். அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். வேலை தப்பினால் யாருடைய கூலி போகுமோ, யாருடைய கிணறு கெடுமோ, அவர் எப்போதும் அறைக்கு வெளியே நிற்கிறார். அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

மருமான் ராஜினாமா செய்யவில்லை. நாலு பேர் வேண்டாம், பத்து நாள் போதும் என்று கேட்டு வாங்கிக் கொண்டு, தையல் வரிசையில் அந்த அம்மாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். திரையில் மூன்றாவது கட்டம் ஒன்று வந்தது: 'தோலில் குறை'. நோட்டைக் கொண்டு போய் மானேஜரிடம் அவனே பேசினான். எட்டில் ஆறு பேருக்கு விட்டுப் போன தொகை வந்தது. மற்ற இருவர் அதற்குள் வேலையை விட்டு நின்றுவிட்டார்களாம்.

"அந்த அம்மாள் இப்போது நோட்டு எழுதுவதை விட்டுவிட்டாளா?" என்று போனில் கேட்டேன்.

"இல்லை மாமா, இன்னும் எழுதுகிறாள்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "நானும் வாரா வாரம் வாங்கிப் பார்க்கிறேன்" என்றான்.