கடைக்கே வந்த கடன்

பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது மாரண்டஹள்ளி. தக்காளிக்கு விலை கிடைத்தால் இங்கே டூவீலர் ஒர்க்‌ஷாப்பிலும் காசு புழங்கும். அப்படி ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற என் சித்தி மகன், ஊருக்குள்ளேயே ஒரு வீட்டை 24 லட்சத்துக்குப் பேசி முடித்து, 20 லட்சம் கடன் தேடிக்கொண்டிருந்தான். நான் போயிருந்தபோது ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் கடைக்கே வந்துவிட்டார்.

வந்தவர் வட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணினார். ஆயில் கறை படிந்த பில் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தார். "ஐடி ரிட்டர்ன் ஒரு வருஷம்தான் இருக்கா? பரவால்ல தம்பி, வருமானத்தை நாங்களே போட்டுக்கறோம்" என்றார். வட்டி எவ்வளவு என்று நான் கேட்ட பிறகுதான் 12 சதவீதம் என்றார்.

அரசு வங்கிக் கிளைக்குப் போனோம். அங்கே வட்டி 8 சதவீதம். ஆனால் இரண்டு வருட ரிட்டர்ன், மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம், கட்டட அனுமதி என்று மேனேஜர் அடுக்கிக்கொண்டே போனார். "முதல்ல இதெல்லாம் கொண்டாங்க சார், வட்டியை அப்புறம் பேசலாம்."

தம்பி சோர்ந்துவிட்டான். டீக்கடையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 20 லட்சம், 20 வருடம். 8 சதவீதத்தில் மாதத் தவணை 16,729 ரூபாய்; 12 சதவீதத்தில் 22,022. கடைசி வரை கட்டினால் வித்தியாசம் மட்டும் 12.7 லட்சம். வாங்குகிற வீட்டின் விலையில் பாதிக்கு மேல்!

வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது அதைவிட முக்கியம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் (மாறும் வட்டி) வீட்டுக் கடனின் வட்டியை, ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு இணைத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்தவும் வேண்டும். 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5-லிருந்து 5.25 சதவீதமாக இறக்கியபோது, ரெப்போவோடு இணைந்த கடன்காரர்களுக்கு யாரையும் கெஞ்சாமலே வட்டி இறங்கியது. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களது விகிதத்தை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். ஏற்றும்போது இருக்கும் வேகம் இறக்கும்போதும் இருக்குமா என்பது என் சந்தேகம்.

2024 அக்டோபர் முதல் கடன் தருகிறவர் எல்லாச் செலவையும் சேர்த்த வருடாந்தர விகிதத்தோடு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்காரரிடம் கேட்டு வாங்கினோம். பேச்சில் வராத இன்ஷூரன்ஸ் பிரீமியம் அதில் கடனோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது.

இன்னொரு சிக்கல் விற்பவரால் வந்தது. பத்திரத்தில் 15 லட்சம் மட்டும் காட்டச் சொல்கிறார். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம்தான் வங்கி தர முடியும். 15 லட்சம் என்று எழுதினால் 13.5 லட்சத்தோடு கதை முடிந்தது. முழு விலையைக் காட்டினால் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம், அதாவது 2.16 லட்சம், கையிலிருந்து போகும். போகட்டும். விலையைக் குறைத்து எழுதினால், நாளைக்கு அதே வீட்டை விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியில் மாட்டப்போவது தம்பிதான்.

என் முடிவை அவனிடம் சொன்னேன்: கிரய ஒப்பந்தக் கெடுவை நீட்டிக் கேள், அடுத்த ரிட்டர்னைப் போடு, வங்கிக்குப் போ. விற்பவர் காத்திருக்க மாட்டார் என்றால் மட்டும் கம்பெனிக் கடன். காகிதங்கள் சேர்ந்ததும் அதை வங்கிக்கு மாற்றிவிடலாம்; தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் 'வீட்டுக் கடன்', 'ஃப்ளோட்டிங்' என்ற இரண்டும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். 'சொத்து அடமானக் கடன்' என்று இருந்தால் பேனாவை மூடிவிட்டு, ஏன் என்று கேளுங்கள்.